ஆட்டக்காரரைத் தேடுகிறோம், ஆசிரியரை விட்டுவிடுகிறோம்

தென்மாவட்டத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறேன். இறுதியாண்டுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிப் படிப்பின் சேர்க்கையைப் பற்றி விசாரிக்க என் அறைக்கு வருபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வகையினர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்குள் வந்து, மூன்று ஆண்டும் அணியில் ஆடி, இரண்டு மூன்று பாடங்களில் அரியர் வைத்துக்கொண்டு, இனி ஆட்டத்தால் வேலை கிடைக்காது என்று தெரிந்த பிறகு வேறு வழியைத் தேடுபவர்கள். அவர்களில் நல்ல ஆசிரியர்களாக ஆனவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் உடற்கல்வி ஆசிரியப் பயிற்சிக்கு வரும் கூட்டம் முழுவதும் இந்த ஒற்றை வாசல் வழியாகவே வருகிறது என்பதும், அதே கல்லூரியில் அந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமான சிலர் அப்படியொரு படிப்பு தங்களுக்கு உரியது என்றே அறியாமல் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதும் நீண்ட நாட்களாக என்னை உறுத்துகிற விஷயம்.

விதியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் தவறான எண்ணம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. மாநில அளவில் ஆடியவர்களுக்கு மட்டுமே பி.பி.எட். கிடைக்கும் என்று மாணவர்களில் பெரும்பாலோர் நம்புகிறார்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிமுறை அப்படிச் சொல்லவில்லை. எந்தப் பாடத்திலும் இளநிலைப் பட்டம், அதில் 50 விழுக்காடு மதிப்பெண், கூடவே கல்லூரிகளுக்கிடையேயான, மண்டல, மாவட்ட அல்லது பள்ளி அளவிலான அங்கீகரிக்கப்பட்ட போட்டியில் பங்கேற்றிருப்பது: இவ்வளவு இருந்தால் விண்ணப்பிக்கலாம். பதக்கம் வேண்டும் என்ற நிபந்தனை இதில் இல்லை, பங்கேற்பு போதும். தேசிய, மாநில, பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிகளில் ஆடியவர்களுக்கும், உடற்கல்வியை ஒரு பாடமாகப் படித்தவர்களுக்கும், உடற்கல்வியிலேயே இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கும் மதிப்பெண் வரம்பு 45 விழுக்காடாகக் குறைகிறது. அதாவது, சட்டம் கதவை அகலமாகத்தான் வைத்திருக்கிறது. அதைக் குறுக்கி வைத்திருப்பது நம்முடைய பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கியபோது, பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் நடத்தும் டிரில்தான் என்ற நிலை பரவலாக இருந்தது. அந்த இடத்தில் விளையாட்டையும், விளையாட்டைக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் கொண்டுவர அவர் முயன்றார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு மேலாளராகச் சென்றவரும் அவரே. சாதனை விளையாட்டும் பள்ளி உடற்கல்வியும் ஒரே வளாகத்தில், ஒரே மனிதரின் கையில் தொடங்கியதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் அன்றே நமக்குள் ஊறிவிட்டதோ என்று சில சமயம் தோன்றும். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில்கூட இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. சேர்ந்து நிற்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றுக்கு ஆள் எடுக்கும் அளவுகோலை வைத்து மற்றொன்றுக்கும் ஆள் எடுப்பது சரியா என்பதே என் கேள்வி.

ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் அன்றாட வேலையை நினைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் நாற்பது ஐம்பது பிள்ளைகள், கையில் இரண்டு பந்து, ஒரு பாதி மைதானத்தில் மணல் குவிந்திருக்கிறது, நாற்பது நிமிடம். அந்த ஐம்பது பேரில் ஏழெட்டுப் பேர் சொல்லிக்கொடுக்காமலே ஆடுவார்கள். இன்னும் இருபது பேர் நடுத்தரம். மீதிப் பேர் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்பவர்கள், உடல் பருமனாக இருப்பதால் ஓட வெட்கப்படுபவர்கள், மூச்சிரைப்பு உள்ளவர்கள், சுவர் ஓரம் நின்று பேசிக்கொண்டிருக்க விரும்புபவர்கள். ஆசிரியர் உண்மையில் தேவைப்படுவது இந்த மூன்றாவது கூட்டத்துக்கு. வாலிபாலில் கைகளைச் சேர்த்துக் கீழிருந்து பந்தை எடுப்பதைக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், முதலில் பந்தே இல்லாமல் முழங்காலை மடக்கி நிற்பது, பிறகு எதிரில் நிற்பவர் மெதுவாக உருட்டிவிடும் பந்தை நகர்ந்து போய்ப் பிடிப்பது, பிறகு கையில் படவைப்பது என்று படிப்படியாக உடைத்துக் காட்டத் தெரிய வேண்டும். பத்து வயதிலேயே அது தானாகக் கைவந்துவிட்ட ஆட்டக்காரருக்கு, அதில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதே பெரும்பாலும் தெரியாது. "இப்படி எடுடா" என்று எடுத்துக் காட்டுவார். பையனுக்கு வராது. நான்கு முறை காட்டிய பிறகு பொறுமை போய், நன்றாக ஆடும் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு குறுவட்டப் போட்டிக்குத் தயாராகப் போய்விடுவார். மீதி நாற்பது பேர் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பார்கள்.

நம்மில் பலரும் அந்த நிழலில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே. அல்லது, பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ள, மைதானத்தையே பார்க்காமல் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் டேன் லார்ட்டி 1975இல் ஆசிரியர்களைப் பற்றி ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார்: ஆசிரியப் பயிற்சிக்கு வரும் ஒருவர், வருவதற்கு முன்பே, மாணவராக உட்கார்ந்து பல்லாயிரம் மணி நேரம் ஆசிரியர்களைக் கவனித்திருக்கிறார், ஆசிரியர் வேலை என்றால் என்ன என்பதை அந்தக் கவனிப்பிலிருந்தே முடிவு செய்துவிடுகிறார், ஆனால் அவர் கண்டது வகுப்பின் முன்பக்கத்தை மட்டும், அதன் பின்னால் உள்ள திட்டமிடலையும் தயக்கத்தையும் காணவில்லை. ஹால் லாசன் என்பவர் 1983இல் இந்தச் சிந்தனையை உடற்கல்விக்குக் கொண்டுவந்தார். எப்படிப்பட்டவர்கள் உடற்கல்வி ஆசிரியராக வர விரும்புகிறார்கள், பள்ளியில் அவர்கள் பெற்ற அனுபவம் அந்த விருப்பத்தை எப்படி வடிவமைக்கிறது, கற்பிப்பதற்காக வருபவர்கள் எத்தனை பேர், அணிக்குப் பயிற்சி கொடுப்பதற்காக வருபவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விகளெல்லாம் அதன் பிறகு அங்கே ஆய்வுப் பொருளாயின. நம் ஊருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. உடற்கல்வி வகுப்பில் கவனிக்கப்பட்ட ஏழெட்டுப் பேருக்கு மட்டுமே அந்த ஆசிரியரைப் பிடித்திருக்கிறது. அவர்களே அந்த வேலைக்கு வர ஆசைப்படுகிறார்கள். வந்தபின் தங்களைப் போன்ற ஏழெட்டுப் பேரையே தேடுகிறார்கள். நிழலில் உட்கார்ந்திருந்தவர்களிலிருந்து ஒருவர்கூட விசிலை எடுக்க வருவதில்லை.

கல்லூரியில் இந்த வட்டத்தை உடைக்க வாய்ப்பு இருக்கிறது. எங்கே தேடுவது என்று கேட்டால், ஆடுகளத்துக்குள்ளே தேடாதீர்கள், ஆட்டம் நடக்கும்போது ஸ்கோர் மேசையில் உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள் என்பேன்.

மண்டலப் போட்டியை நடத்தும் முறை எங்கள் கல்லூரிக்கு வரும் ஆண்டுகளில் இதைத் தெளிவாகக் காண்கிறேன். பதின்மூன்று அணிகள் வந்திருக்கின்றன, நாக் அவுட் அட்டவணை போட வேண்டும். பதினாறில் பதின்மூன்று போக மூன்று பை (முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் இடம்), அதை மேல் பாதியில் எத்தனை, கீழ்ப் பாதியில் எத்தனை என்று பிரித்து, எந்த இடங்களில் வைப்பது என்பதை ஒருமுறை சொன்னதும் பிடித்துக்கொண்டு, மறுமுறை தானே போட்டுவிடும் ஒரு பொருளியல் மாணவி இருப்பாள். வாலிபால் ஸ்கோர் தாளில் சுழற்சி வரிசையைத் தவறாமல் எழுதி, "சார், நாலாம் நம்பர் சர்வீஸ் போடக்கூடாது" என்று நடுவருக்கே நினைவூட்டும் ஒருவன் இருப்பான். தடகளப் போட்டி நாளில் சுண்ணாம்புப் பொடியோடு விடியற்காலையில் வந்து, 400 மீட்டருக்குத் தொடக்கக் கோடுகளை ஏன் படிப்படியாகத் தள்ளிப் போடுகிறோம் என்று முதலாண்டு மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டே கோடு போடுபவன் ஒருவன். இவர்களில் யாரும் அணியில் முதல் வரிசை ஆட்டக்காரர்கள் அல்லர். பலர் பதினான்காவது ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள். இரண்டாவது அணியில் ஆடியவர்கள். ஆனால் ஆட்டம் எப்படி நடக்கிறது என்பதில் அவர்களுக்கு ஆர்வம் இருக்கிறது. அடுத்தவர் நன்றாக ஆடுவதைப் பார்க்கச் சலிப்பதில்லை. தெரியாதவருக்குச் சொல்லும்போது முகம் சுளிப்பதில்லை. ஆசிரியப் பயிற்சிக்கு இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இவர்களிடம் பேச்சைத் தொடங்க வேண்டிய காலம் இரண்டாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டு கடைசியில் பேசுவது பயனற்றது. விதி கேட்கும் பங்கேற்புச் சான்றிதழ் கையில் இல்லாதவர்களை அந்த ஒரு வருடத்துக்குள் ஏதாவது ஒரு கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கு அனுப்ப வேண்டும். அது எந்த விளையாட்டாக இருந்தாலும், அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா, சேர்க்கையில் ஏற்கிறார்களா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பள்ளிக் காலத்தில் பாரதியார் தின, குடியரசு தினப் போட்டிகளில் ஆடி வாங்கிய சான்றிதழ்களைப் பலர் வீட்டில் எங்கோ போட்டு மறந்திருப்பார்கள். அவற்றைத் தேடி எடுக்கச் சொல்ல வேண்டும். சேர்க்கையின்போது நடக்கும் உடல்திறன் தேர்வுதான் இவர்களை அதிகம் அச்சுறுத்துவது. ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்றதும் அது ஒலிம்பிக் தகுதிச் சுற்று என்ற பயம். கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பணிக்கே பல்கலைக்கழக மானியக் குழு கேட்பது முப்பது வயதுக்குட்பட்ட ஆண் பன்னிரண்டு நிமிடத்தில் 1,800 மீட்டரையும் பெண் எட்டு நிமிடத்தில் 1,000 மீட்டரையும் ஓடியோ நடந்தோ கடக்க வேண்டும் என்பதுதான் என்று நான் சொல்லும்போது முகத்தில் தெளிவு வரும். ஓராண்டு காலை நேரம் ஒழுங்காக மைதானத்துக்கு வந்தால், சராசரி உடல் உள்ள எவரும் அந்தத் தூரத்தைக் கடந்துவிடலாம்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாணவிகள் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையின் தேவை வெளிப்படை; மாதவிடாய் நாளில் ஓட வேண்டாம் என்று சொல்லவோ, அல்லது ஓடலாம், பயப்படாதே என்று சொல்லவோ ஒரு பெண் அங்கே இருக்க வேண்டும். ஆனால் கல்லூரிப் படிப்பு முடிந்ததும் வெளியூரில் விடுதி, ட்ராக் சூட், காலை ஐந்தரை மணி மைதானம் என்றால் வீட்டில் முதலில் எழும் கேள்வி கல்யாணத்தைப் பற்றியது. பி.பி.எட். படிப்பு முன்பு ஓராண்டாக இருந்தது. 2014 விதிமுறைக்குப் பிறகு இரண்டாண்டு ஆகிவிட்டது. பயிற்சியின் தரத்துக்கு அது நல்லது; ஓராண்டில் உடற்கூறியலும் உளவியலும் யோகாவும் கற்பித்தல் பயிற்சியும் அவசர அவசரமாக ஓடிவிடும். ஆனால் மகளை ஓராண்டு அனுப்பச் சம்மதித்திருக்கக்கூடிய தகப்பனார் இரண்டாண்டு என்றதும் பின்வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். அங்கே நான் வாதாடுவதைவிட, ஏற்கெனவே படித்து முடித்து அருகிலுள்ள பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு பழைய மாணவியை அந்த வீட்டுக்கு அழைத்துப் போவது பலிக்கிறது. அவளிடம் அம்மா கேட்கும் கேள்விகள் என்னிடம் கேட்கப்படாதவை.

பெற்றோரின் தயக்கம் எல்லாவற்றையும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார்: "சார், பையன் மேத்ஸ் முடிச்சிருக்கான். பி.எட். போட்டா நாலு ட்யூஷனாவது எடுப்பான். பி.டி. வாத்தியாராப் போனா விசிலைத் தவிர கையில என்ன இருக்கும்?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது, அவர்களில் ஒரு பிரிவினர் உடற்கல்விக்கானவர்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். பல ஆண்டு கோரிக்கை, போராட்டங்களுக்குப் பிறகு படிப்படியாக உயர்ந்து 2024இல் 12,500 ரூபாய் வரை வந்தது. நிரந்தரப் பணி என்றால், ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் நடத்திய சிறப்பாசிரியர் தேர்வைச் சொல்ல வேண்டும். மொத்தம் 1,325 இடங்களில் 663 உடற்கல்விக்கு. வழக்குகளால் பணி ஆணைக்கான காத்திருப்பு நீண்டதையும் அந்தத் தேர்வு எழுதியவர்கள் மறக்கமாட்டார்கள். தனியார் பள்ளிகளில் வேலை கிடைக்கிறது. ஆனால் பேருந்து வரிசை, காலை வழிபாட்டு ஒழுங்கு, முடி வெட்டாத பையனைப் பிடிப்பது, ஆண்டு விழா அணிவகுப்பு என்று நாள் போய்விடும், கற்பிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு.

இவை அனைத்தையும் சேர்க்கைக்கு முன்பே மாணவரிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆள் பிடிக்கும் அவசரத்தில் "அரசு வேலை உறுதி" என்று பேசும் சில விளம்பரங்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. சொல்லிவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று என் நண்பர்கள் சிலர் கூறுவார்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள் என்பது உண்மைதான். மீதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டு வருகிறார்கள். இரண்டாம் பருவத்தில் படிப்பை விட்டுவிட்டு ஓடுவதில்லை. கணக்குப் பட்டதாரியின் தகப்பனாருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அவன் கணக்கு ஆசிரியரானால் மாநிலத்தில் பல்லாயிரம் பேரில் ஒருவன், மைதானத்துக்கு வந்தால், அளவீடும் மதிப்பீடும், உடல் அசைவை இயற்பியல் வழியே பார்க்கும் உயிர்இயக்கவியலும் பயமில்லாமல் படிக்கக்கூடிய மிகச் சிலரில் ஒருவன், அடுத்த பட்டமான எம்.பி.எட். முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதிக் கல்லூரி வேலைக்கு வரும் வாய்ப்பும் அவனைப் போன்றவர்களுக்குத்தான் அதிகம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. யோசிக்கிறேன் சார் என்று போனார்.

ஆடுவதிலும் ஆட வைப்பதிலுமே மனம் உள்ளவர்களை என்ன செய்வது? அவர்களுக்கு வேறு பாதை இருக்கிறது, அதை மரியாதையோடு காட்ட வேண்டும். பாட்டியாலாவில் 1961 முதல் இயங்கும் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்றுநர் பட்டயம் அவர்களுக்காகவே உள்ளது. பல்கலைக்கழக அளவில் ஆடிய ஒரு கபடி வீரனுக்கு ஐம்பது பிள்ளைகளை மேய்ப்பதில் விருப்பம் இல்லை, பன்னிரண்டு பேரை உருவாக்குவதில்தான் விருப்பம் என்றால் அது குற்றம் அல்ல. அவனைப் பி.பி.எட்.டில் தள்ளிவிட்டு, பிறகு பள்ளியில் வகுப்பெடுப்பதில்லை என்று குறைப்படுவது நம்முடைய குழப்பம்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்வி என்ற திட்டத்தை உடற்கல்விக்கும் விரிவாக்க தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2025இல் வெளியிட்ட வரைவு விதிகள் பேசுகின்றன. ஓராண்டு மிச்சமாகும் என்பது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய விஷயம். எனினும் எனக்கு ஒரு கவலை உண்டு. பதினேழு வயதில் உடற்கல்வியைத் தேர்ந்தெடுப்பவர் யார்? பள்ளியில் கவனிக்கப்பட்ட அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவர்தான். ஸ்கோர் மேசை மாணவிக்குத் தன்னுடைய திறமை என்னவென்று தெரியவந்ததே பத்தொன்பது வயதில், கல்லூரியில். பட்டத்துக்குப் பிந்தைய இரண்டாண்டுப் படிப்பு அவளைப் போல் தாமதமாக வருபவர்களுக்கான வழி. புதிய திட்டம் வந்தாலும் அந்த வழி அடைபடக் கூடாது.

சேர்க்கை முறையிலும் சிறிய மாற்றம் ஒன்று செய்யலாம் என்பது என் கருத்து. எழுத்துத் தேர்வு, உடல்திறன் அல்லது விளையாட்டுத் திறன் தேர்வு, நேர்காணல், பட்டப்படிப்பு மதிப்பெண் ஆகியவற்றைக் கொண்டோ மாநில அரசும் பல்கலைக்கழகமும் வகுக்கும் வேறு முறையிலோ தேர்ந்தெடுக்கலாம் என்று விதி சொல்கிறது. ஆகவே இடம் இருக்கிறது. நேர்காணல் என்ற பெயரில் இன்று ஒரு மேசைக்கு எதிரே உட்கார வைத்து, கூடைப்பந்து ஆடுகளத்தின் நீளம் என்ன என்று கேட்பதற்குப் பதிலாக, விண்ணப்பதாரரை மைதானத்துக்கு அழைத்துப் போய், பக்கத்துப் பள்ளியிலிருந்து வந்திருக்கும் இருபது பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, பத்து நிமிடத்தில் அவர்களுக்குத் தெரியாத ஒரு சிறு விளையாட்டைக் கற்றுக்கொடுக்கச் சொல்லலாம். மதிப்பெண் போடுபவர்கள் விண்ணப்பதாரரைப் பார்க்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் முடியும்போது அந்த இருபதில் எத்தனை பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை பேர் நின்றுவிட்டார்கள் என்று எண்ணினால் போதும்.